மணலும் கழியும் மக்களும்: கடற்கரைத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் சூழல் மண்டலச் சேவைகள் – வடசென்னைக் கரையை முன்வைத்து

முன்னுரை

கடற்கரையில் ஒரு துறைமுகமோ அனல்மின் நிலையமோ அமையவிருக்கும்போது, அதனால் நிலத்துக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டியே கணிப்பது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் பணியாகும். இன்று எழுதப்படும் மதிப்பீட்டு அறிக்கைகளில் பெரும்பாலானவை ‘இவ்விடத்தில் என்ன இருக்கிறது?’ என்னும் வினாவுக்கு விரிவாக விடையளிக்கின்றன. நீரின் உப்புத்தன்மை, காற்றிலுள்ள தூசியின் அளவு, மரஞ்செடி வகைகள், மீன் இனங்கள், மக்கள்தொகை ஆகியவை அட்டவணைகளாக நிரம்பியிருக்கும். ஆனால் ‘இங்கிருப்பது என்ன செய்கிறது? யாருக்காகச் செய்கிறது?’ என்னும் இரண்டாம் வினா பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இந்த இரண்டாம் வினாவையே சூழல் மண்டலச் சேவைகள் என்னும் கருத்தாக்கம் முன்வைக்கிறது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து பழவேற்காடு வரையிலான வடசென்னைக் கரையைச் சான்றாகக் கொண்டு, இவ்வினா கேட்கப்படாமையால் நேர்ந்தது என்ன, கேட்கப்பட்டால் மதிப்பீடு எவ்வாறு மாறும் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அவ்விடையின் பெரும்பகுதி கரையோர மக்களின் தமிழில் பொதிந்திருப்பதால், இது சூழலியலாளர்க்கு மட்டுமன்றித் தமிழாய்வாளர்க்கும் உரிய பொருளாகிறது.

1. கருத்தாக்கமும் நெய்தல் மரபும்

சூழல் மண்டலம் ஒன்று தன் இயல்பான இயக்கத்தால் மனிதர்க்கு அளிக்கும் பயன்களே சூழல் மண்டலச் சேவைகள் எனப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவில் 2001-இல் தொடங்கி 2005-இல் வெளிவந்த புத்தாயிரச் சூழல் மண்டல மதிப்பீடு இக்கருத்தாக்கத்தை உலகளவில் நிலைநிறுத்தியது. 1,300-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் பங்கேற்ற அவ்வாய்வு, தான் ஆராய்ந்த 24 சேவைகளுள் 15 சீரழிந்தோ நீடிக்கவியலாத வகையில் பயன்படுத்தப்பட்டோ வருவதாகக் கண்டது.

அம்மதிப்பீடு சேவைகளை நான்காக வகுத்தது. முதலாவது வழங்கு சேவை. மீன், இறால், உப்பு, விறகு போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது ஒழுங்குபடுத்தும் சேவை. வெள்ளத்தைத் தாங்குதல், புயலலையைத் தணித்தல், கரையை நிலைநிறுத்துதல், நன்னீருக்குள் உவர்நீர் புகாது காத்தல் ஆகியவை இவ்வகையின. மூன்றாவது பண்பாட்டுச் சேவை. வழிபாடு, விழா, இடம்சார்ந்த நினைவு முதலியன இதன்பாற்படும். நான்காவது ஆதாரச் சேவை. மண் உருவாதலும் ஊட்டப்பொருள் சுழற்சியும் போன்று ஏனைய மூன்றுக்கும் அடித்தளமாக அமைவன இதில் அடங்கும்.

இப்பகுப்பு தமிழ் மாணவர்க்கு முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியம் நெய்தல் உள்ளிட்ட நிலங்களுக்குக் கருப்பொருள் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றை ஒருங்கே வைத்தெண்ணுகிறது. நிலத்தைச் சொல்லும்போதே அதில் வாழ்வார் உண்பதும் செய்வதும் தொழுவதும் சொல்லப்பட்டுவிடுகின்றன. கவிதையியல் பகுப்பொன்றை அறிவியல் முறையாகக் கொள்வது பிழையாகும். எனினும் நிலத்தையும் வாழ்வையும் வெவ்வேறு அத்தியாயங்களாகப் பிரிப்பது தமிழ் மரபின் வழக்கமன்று என்பதை அது நினைவூட்டுகிறது. இன்றைய மதிப்பீட்டு அறிக்கையோ அவ்வாறு பிரிப்பதையே தன் அமைப்பாகக் கொண்டுள்ளது.

2. இன்றைய மதிப்பீட்டு முறை

இந்தியாவில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலாக 1991-இல் வெளியிடப்பட்டது. பின்னர் 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகள் அதன் இடத்தைப் பெற்றன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994-இல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. இன்று நடைமுறையிலிருப்பது 2006 செப்டம்பர் 14 நாளிட்ட அறிவிக்கையாகும். திட்டத்தை வகைப்படுத்தல், ஆய்வின் எல்லையை வகுத்தல், பொதுமக்கள் கருத்துக் கேட்பு, வல்லுநர் குழுவின் மதிப்பாய்வு என்னும் நான்கு படிகளை அது விதிக்கிறது.

இவ்வமைப்பில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, சட்டம் நிலத்தை வகையால் காக்கிறதேயன்றி வினையால் காப்பதில்லை. அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை எனப் பெயர் பெற்ற இடங்களுக்குச் சிறப்புப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மரமோ பாறையோ இன்றி, ஓதம் ஏறியிறங்கும் வெற்றுச் சேற்றுப்பரப்பு வெள்ளத்தைத் தாங்கும் பெரும்பணியைச் செய்தாலும், அப்பணிக்கு அறிக்கையில் பெயரில்லை. இரண்டாவது, ஆய்வுப் பரப்பு பொதுவாகத் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டமாக வரையப்படுகிறது. கடல்நீரும் மணலும் மீன்களும் இவ்வட்டத்தை அறியா. இக்குறைகளின் விளைவைப் பின்வரும் இரு சான்றுகள் காட்டும்.

3. மணலின் பணி

சோழமண்டலக் கரையின் மணல் ஓரிடத்தில் தங்குவதன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. வடக்கு நோக்கிய நகர்வே மிகுதியாதலால், ஆண்டுக் கணக்கில் பல இலட்சம் கன மீட்டர் மணல் கரையோரமாக வடக்கே செல்கிறது. ஒவ்வோர் ஊரின் கரையும் தெற்கிலிருந்து மணலைப் பெற்று வடக்கிலுள்ள ஊருக்குக் கொடுத்து நிலைபெறுகிறது. கரையை நிலைநிறுத்தும் இவ்வியக்கம் ஓர் ஒழுங்குபடுத்தும் சேவையாகும்.

சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமைக்கும் பணி 1875-இல் தொடங்கிற்று. கடலுக்குள் நீட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் துறைமுகத்துக்குத் தெற்கே குவிந்து, இன்று உலகறிந்த மெரினாவின் அகன்ற மணற்பரப்பாயிற்று. துறைமுகத்துக்கு வடக்கேயோ மணல் வரவு நின்றதால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் கரை தேயலாயிற்று. வீடுகளும் சாலைகளும் கோயில்களும் கடலுக்குள் போயின. நகரின் தென்பகுதி பெற்ற அழகிய கடற்கரையும் வடபகுதி இழந்த வாழிடமும் ஒரே செயலின் இரு பக்கங்கள். ஆயினும் இவ்விரண்டும் ஒரே கணக்கில் எழுதப்பட்டதில்லை.

கடலரிப்பைத் தடுக்கக் கருங்கற்சுவர்களும், மீனவர்கள் ‘தூண்டில் வளைவு’ என வழங்கும் குறுக்குத் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. இவை தாம் நிற்குமிடத்தில் மணலைப் பிடித்துவைக்கின்றன. அதனால் அடுத்த ஊருக்குச் செல்லவேண்டிய மணல் குறைகிறது. ஆதலின் சிக்கல் தீர்வதில்லை, வடக்கே நகர்கிறது. மேலும் கற்சுவர் நிலத்தைக் காத்தாலும் கரையைக் காப்பதில்லை. மணற்கரை என்பது மீனவர்க்குப் படகேற்றும் துறை, கரைவலை இழுக்கும் களம், வலை உலர்த்திச் செப்பனிடும் முற்றம், பெண்கள் மீன் காயவைக்கும் இடம், ஊர்கூடும் மன்றம். ‘கரை பாதுகாக்கப்பட்டது’ என அறிக்கை கூறும் இடத்தில் இவையனைத்தும் மறைந்திருக்கக் கூடும்.

புதுச்சேரியிலும் இதுவே நிகழ்ந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், நகரின் கடற்கரை மணலை இழந்து கற்குவியலாயிற்று. அரிப்பு ஒன்றிய ஆட்சிப்பகுதியின் எல்லையைக் கடந்து, தமிழ்நாட்டின் மீனவ ஊர்களையும் அடைந்தது. 2018-இல் கடலடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்று நிறுவப்பட்டு, நகரின் கரையில் ஒருபகுதி மணல் மீளப்பெறப்பட்டது. இழந்தபின் மீட்பது இயலாததன்று. ஆனால் முப்பதாண்டு இழப்பைத் தாங்கியவர்கள் துறைமுகத்தின் பயனைப் பெற்றவர்களல்லர் என்பது எண்ணத்தக்கது.

இதனால் பெறப்படும் முதற்பாடம் எல்லை பற்றியது. கடற்கரைத் திட்டத்தின் ஆய்வுப் பரப்பு வட்டமாக அமையலாகாது. மணல் எங்கிருந்து வந்து எங்குச் சென்று சேர்கிறதோ அத்தொடர் முழுவதுமாக அமைதல் வேண்டும்.

4. கழியின் பணி

எண்ணூரில் கொசத்தலையாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த கழி, பக்கிங்காம் கால்வாய் வழியாக வடக்கே பழவேற்காடு ஏரியோடு தொடர்புடையது. பழவேற்காடு, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆறு, கழி, கால்வாய், ஏரி, கடல் ஆகிய ஐந்தும் இணைந்த இவ்வமைப்பு மூன்று முதன்மையான பணிகளைச் செய்கிறது.

முதலாவது, பெருமழைக் காலத்தில் ஆற்றுவெள்ளத்தையும் கடலின் ஏற்றத்தையும் ஒருசேர வாங்கிப் பரப்பித் தணித்தல். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை கண்ட வெள்ளங்கள் இப்பணியின் இன்றியமையாமையை உணர்த்தின. இரண்டாவது, இறாலுக்கும் மடவை போன்ற மீன்களுக்கும் நண்டுக்கும் வளர்விடமாக அமைதல். கடலில் பிடிக்கப்படும் இறாலில் பல வகைகள் தம் இளம்பருவத்தைக் கழியில் கழிப்பவை. ஆதலால் கழியின் சேற்றுக்கு நேரும் கேடு, அதனைக் காணாத ஆழ்கடல் மீனவரின் வலையிலும் தெரியவரும். மூன்றாவது, நிலமும் படகும் இல்லாதவர்க்கு உணவும் வருவாயும் தருதல். இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு முதலீடு என்பது தம் கைகளும் ஒரு கூடையுமே.

இக்கழியைச் சுற்றி அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் அடுத்தடுத்து வந்தன. எண்ணூர்த் துறைமுகம் 2001-இலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதன் பின்னரும் இயங்கத் தொடங்கின. அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் படிந்து அதன் ஆழத்தைக் குறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் கால்வாய் வழியே கழியை அடைந்து, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் படிந்தது. இத்திட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மதிப்பிடப்படும்போது ஒவ்வொன்றின் தாக்கமும் சிறிதாகத் தோன்றக்கூடும். கழி எடுத்துக்கொள்வதோ அவற்றின் கூட்டுத்தொகையை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் முன்மொழியப்பட்டு, அதன் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. துறைமுகத்துக்கு வடக்கே கடலுக்கும் உள்நீருக்கும் இடையே நிற்பது குறுகிய மணல்திட்டு ஒன்றே. அத்திட்டு அரிக்கப்பட்டால் கடல் உட்புகுந்து பழவேற்காட்டின் நீர்த்தன்மையே மாறிவிடாதா என்பது மீனவர்கள் எழுப்பும் வினா. அதற்குத் துறைமுக எல்லைக்குள் எடுக்கும் அளவீடுகள் விடைகூற இயலா. அவ்வினா மணலின் பணி, கழியின் பணி ஆகிய இரண்டையும் ஒன்றாக இணைத்துக் கேட்கப்படுவது. சேவைகளின் வழியே ஆராய்ந்தாலன்றி அதற்கு விடையில்லை.

5. பயன்பெறுவோர் யாவர்

சேவை என்னும் சொல் பெறுவோரையும் உடன்குறிக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் மீனவ ஊர்கள் சில ‘பாடு’ என்னும் முறையைப் பின்பற்றி வந்துள்ளன. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் வரையறுக்கப்பட்டு, ‘தலைக்கட்டு’ உறுப்பினராகிய ஆண்களுக்குக் குலுக்கல் முறையிலும் சுழற்சி முறையிலும் பங்கிடப்படும். இன்று நல்ல இடம் பெற்றவர் அடுத்த சுற்றில் வேறிடம் செல்வார். இயற்கை தரும் சேவையை மக்கள் தாமே பகிர்ந்து ஒழுங்குசெய்த ஏற்பாடு இது.

எனினும் இதனை மிகையாகப் போற்றுவதும் பொருந்தாது. பாடு உரிமை எல்லார்க்கும் உரியதன்று. சில சமூகத்தார்க்கே உரியது. பெண்களுக்கு அதில் இடமில்லை. கையால் இறால் பிடிக்கும் இருளர்க்கு எவ்வுரிமைப் பதிவும் இல்லை. ஒரு திட்டத்துக்கு இழப்பீடு வகுக்கப்படும்போது பட்டா உடையவர் முதலில் எண்ணப்படுகிறார். படகு உடையவர் அடுத்து எண்ணப்படுகிறார். மீன் விற்கும் பெண்ணும் கையால் இறால் பிடிப்பவரும் கணக்கில் வருவதே அரிது. ஆனால் அவர்களே அச்சேவையை முழுவதுமாகச் சார்ந்திருப்பவர்கள். ‘எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்க்கப்படும்?’ என்னும் வினாவுக்குச் ‘சுழி’ என விடைவரும் திட்டத்திலும், ‘எத்தனை குடும்பங்களின் உணவு இச்சேற்றைச் சார்ந்துள்ளது?’ என்னும் வினாவுக்கு விடை சுழியாக இராது.

6. நடைமுறைப்படுத்தும் வழி

இக்கருத்தாக்கத்தை மதிப்பீட்டில் சேர்க்கத் தனிச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இருக்கும் படிகளிலேயே ஐந்து மாற்றங்கள் போதுமானவை.

ஒன்று: ஆய்வெல்லை வகுக்கும் படியிலேயே, அவ்விடத்தின் சேவைகளையும் ஒவ்வொன்றால் பயன்பெறுவோரையும் பட்டியலிடுதல்.

இரண்டு: சேவையின் இயக்கப் பரப்பையே ஆய்வுப் பரப்பாகக் கொள்ளுதல், மணலுக்கு மணல் செல்லும் தொடர், வெள்ளத்துக்கு ஆற்று வடிநிலம், இறாலுக்குக் கழியும் கடலும்.

மூன்று: ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் அளவீடு செய்தல். கோடையில் வறண்டு ‘தரிசு’ எனத் தோன்றும் பரப்பு, மழைக்காலத்தில் வெள்ளம் தாங்கும் நிலமாக இருக்கக்கூடும்.

நான்கு: ஈடுசெய்யும் நடவடிக்கையைச் சேவையால் அளத்தல். எண்ணூரில் அழிந்த சதுப்புக்கு ஈடாக வேறொரு மாவட்டத்தில் நடப்படும் மரக்கன்றுகள் பசுமையைக் கூட்டலாம். ஆனால் எண்ணூரின் வெள்ளத்தை அவை தாங்கமாட்டா.

ஐந்து: திட்டம் இயங்கத் தொடங்கியபின் அச்சேவைகளைத் தொடர்ந்து கண்காணித்து, முடிவுகளைக் கரையோர ஊர்களுக்கு அறிவித்தல்.

7. பணமதிப்பின் வரம்பு

சேவைகளைக் கணக்கிடுதல் என்றவுடன் அவற்றுக்கு விலை குறித்தல் என்று கொள்வது வழக்கமாகிவிட்டது. 1997-இல் இராபர்ட் கோசுடான்சாவும் பிறரும் உலகின் 17 வகைச் சேவைகளின் ஆண்டு மதிப்பைச் சராசரியாக 33 இலட்சம் கோடி டாலர் எனக் கணித்தமை பெரும் விவாதத்தை எழுப்பியது. அத்தகைய தொகை ஆட்சியாளரின் கவனத்தை ஈர்க்க உதவும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கழியைப் பற்றி முடிவெடுக்கும்போது அதில் இடர் உண்டு. விலை குறிக்கப்பட்ட பொருள் வாங்கத்தக்க பொருளாகிவிடும். துறைமுகத்தின் வருவாய் கழியின் விலையை மிஞ்சும்போது கழியை இழப்பது நேர்மையானது போலத் தோன்றும். வருவாய் ஒருவர்க்கும் இழப்பு வேறொருவர்க்கும் சேர்வது அக்கணக்கில் மறைந்துபோகும். ஊர்க்காவல் தெய்வத்தின் கோயிலுக்கும் முன்னோர் புதைந்த மணல்மேட்டுக்கும் குறிக்கப்படும் எத்தொகையும் பொருளற்றது.

ஆதலால் பல சேவைகளை அவற்றின் இயல்பான அளவையிலேயே கூறுதல் நன்று. இதற்கு ஒடிசாவில் ஒரு முன்மாதிரி உண்டு. ஏறத்தாழப் பதினாயிரம் உயிர்களைப் பலிகொண்ட 1999-ஆம் ஆண்டின் பெரும்புயலை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வொன்று, கேந்திரபாடா மாவட்டத்தில் கடலுக்கும் ஊருக்கும் இடையே அகன்ற அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் உயிரிழப்புக் குறைந்திருந்ததைக் காட்டியது. அங்குச் சேவையின் அளவை உயிர்கள். எண்ணூரில் அது தேங்கிய வெள்ளத்தின் உயரமாகவும், பழவேற்காட்டில் ஒரு பருவத்தின் இறால் பாடாகவும் அமையலாம்.

8. மொழியும் மதிப்பீடும்

2006 அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக்கு முன் வட்டார மொழியில் தரப்படவேண்டியது அறிக்கையின் சுருக்கமே. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்துவிடுகிறது. 2020-இல் அவ்வறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவு வெளியிடப்பட்டபோது, அதனை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2020 சூன் 30 அன்று ஆணையிட்டது. பொதுமக்கள் கருத்து என்பது மக்கள் படித்தறியக்கூடிய மொழியைச் சார்ந்தது என்னும் எளிய உண்மையை அவ்வாணை உறுதிசெய்தது.

ஆயினும் மொழிபெயர்ப்பு ஒருவழிப் பாதையாக இருத்தல் போதாது. ஆங்கில அறிக்கை தமிழாக்கப்படுதல் போலவே, மீனவர் தமிழும் அறிக்கைக்குள் செல்லவேண்டும். வாடை, கொண்டல் எனக் காற்றுக்கும், பார் எனக் கடலடிப் பாறைப்பரப்புக்கும், கழி, முகத்துவாரம் என நீர்நிலைகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்கள் நெடுங்காலக் கவனிப்பின் விளைவு. எந்தக் காற்றில் எந்த நீரோட்டம் வரும், எந்த மாதத்தில் முகத்துவாரம் அடைபடும், எந்தச் சேற்றில் எந்த இறால் தங்கும் என்பவை அச்சொற்களோடு இணைந்த அறிவு. ஈழத்துக் கரையின் சோளகமும் கச்சானும் இதே சொற்களஞ்சியத்தின் உடன்பிறப்புகள். மூன்று மாத அளவீட்டில் கிட்டாத செய்தியை இவை தரவல்லன. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு மீனவர் தம் கடலைப் பற்றிக் கூறுவது, ‘வாழ்வாதாரம் குறித்த அச்சம்’ என ஒருவரியில் பதிவாகும்போது சான்று ஒன்று உணர்ச்சியாகத் திரிக்கப்படுகிறது.

இங்குத் தமிழாய்வின் பணி தெளிவாகிறது. கரையோர வட்டாரச் சொற்களை இடம், பருவம், பயன் ஆகிய குறிப்புகளுடன் தொகுத்தல். சூழலியல் கலைச்சொற்களை அம்மக்களின் வழக்கோடு பொருத்துதல். தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்கும் இருவேறு கலைச்சொல் மரபுகளை ஒப்பிட்டு இணைத்தல் ஆகியவை பல்கலைக்கழகங்களும் புலம்பெயர்ந்த தமிழாய்வு நிறுவனங்களும் கூடிச் செய்யத்தக்கவை.

முடிவுரை

சென்னைத் துறைமுகம் அமைந்தபோது மணலின் பணியை முன்கூட்டிக் கணக்கிட்டுக் காக்கும் முறை இருக்கவில்லை. அதன் விளைவை வடசென்னை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகச் சுமக்கிறது. இன்று அதே கரையில் புதிய திட்டங்கள் முன்மொழியப்படும்போது அறியாமையைக் காரணமாகக் காட்ட இயலாது. மணல் எங்குச் செல்கிறது என்பதும், கழி என்ன செய்கிறது என்பதும், அதைச் சார்ந்து வாழ்வோர் யாவர் என்பதும் அறியத்தக்கவையே. துறைமுகம் வேண்டுமா வேண்டாவா என்னும் முடிவைச் சேவை மதிப்பீடு தானே எடுத்துவிடாது. எவர் பெறுகிறார், எவர் இழக்கிறார் என்பதை முடிவெடுக்கும் முன்னரே எழுத்தில் கொணர்வது அதன் பணி. அவ்வெழுத்து, இழக்கவிருப்போர் படித்து மறுமொழி கூறத்தக்க தமிழில் அமைதல் வேண்டும்.